மீன் சுமந்து திரியும் கிணறு

வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் கடலுக்குள் வடிந்து, அது கொண்டுவந்த வண்டல் மெல்ல அடியில் படியத் தொடங்கும் மாசி மாதத்தில், முட்டுக்காட்டு உப்பங்கழியும் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் கரையும் தூண்டில் போடுபவர்களுக்கு ஏற்ற இடங்களாகின்றன. விடியற்காலைக் குளிர் இன்னும் விலகாத, கடற்காற்று எழாத அந்த வேளையில், ஒரு சாரார் கரையில் நின்று தங்கூசி என்னும் தூண்டில் நரம்பை வீசுகின்றனர். மற்றொரு சாரார் கயாக்கில், அதாவது ஒருவரோ இருவரோ நீர்மட்டத்தை ஒட்டி அமர்ந்து துடுப்பால் தள்ளிச் செல்லும் ஒடுங்கிய படகில், கழியின் நடுப்பகுதிக்குச் செல்கின்றனர். இவ்விரு முறைகளில் எது மீனுக்கு அருகே கொண்டுசேர்க்கும் என்ற கேள்வியும், மலைநாடுகளில் புகழ்பெற்ற ட்ரவுட் மீனை இங்கே பிடிக்க முடியுமா என்ற கேள்வியும் ஆர்வலர்களிடையே அடிக்கடி எழுகின்றன. இரண்டாவது கேள்விக்குச் சில வரிகளே போதும். முதல் கேள்விதான் ஒளியியலின் மிக அழகிய நிகழ்வுகளில் ஒன்றுக்கு இட்டுச் செல்கிறது.

இவ்விடங்கள் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் எந்த நீரிலும் ட்ரவுட் வாழ இயலாது. 10 டிகிரி வெப்பநிலையுள்ள நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். அதே நீர் 30 டிகிரிக்குச் சூடானால் அந்த அளவு 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது, உப்பு கலந்தால் மேலும் குறைகிறது. நீர் சூடாகும்போது மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. ஆகவே, சுமார் 25 டிகிரிக்கு மேல் நீடித்து உயிர்தரிக்க முடியாத ட்ரவுட்டுக்குத் தமிழ்நாட்டில் நீலகிரி போன்ற உயர்மலை ஓடைகளே இடம் தந்தன. அங்கும் அது தானாக வந்ததன்று: 1863-இல் பிரான்சிஸ் டே மேற்கொண்ட முயற்சி பலிக்கவில்லை, எச். சி. வில்சனின் முயற்சியால் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே வானவில் ட்ரவுட் நிலைபெற்றது. செங்கல்பட்டுக் கரையில் அதற்கு ஈடான வேட்டை மீன் கொடுவாதான். உப்புநீரிலும் நன்னீரிலும் வாழவல்ல இம்மீன் ஆணாக முதிர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் இயல்புடையது. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இதைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்தது.

ட்ரவுட்டும் கொடுவாவும் வேறு வேறு உலகங்களில் வாழ்ந்தாலும், அவை நீருக்குள்ளிருந்து வெளியுலகைப் பார்க்கும் முறை ஒன்றே. காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி செங்குத்துக் கோட்டை நோக்கி வளைகிறது என்பது பள்ளிப் பாடம்; ஆனால், அந்த வளைவின் முழு விளைவை அறிய நீருக்கு அடியில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். கிடைமட்டமாக, நீர்ப்பரப்பை உரசிக்கொண்டு வரும் கதிர்கூட நீருக்குள் புகுந்ததும் செங்குத்திலிருந்து 48.6 டிகிரி அளவுக்குத் திரும்பிவிடுகிறது. அதைவிடச் சாய்வாக வானொளி எதுவும் மீனின் கண்ணை அடைய வழியில்லை. இதனால், அடிவானத்திலிருந்து எதிர் அடிவானம் வரை 180 டிகிரிக்கு விரிந்திருக்கும் வெளியுலகம் முழுவதும் மீனின் தலைக்கு மேலே 97 டிகிரி அகலமுள்ள ஒரே வட்டத்துக்குள் மடங்கி அடங்குகிறது. ஒளியியலார் இதனை ஸ்நெல் சாளரம் என்பர்.

சாளரம் என்பதைவிடக் கிணறு என்று இதனைச் சொல்வது தமிழ் வாசகருக்கு நெருக்கமாக இருக்கும். கிணற்றின் அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் தவளைக்கு வாய்வட்டத்தின் வழியே வானம் தெரிவதைப் போலவே மீனுக்கும் ஒரு வட்டத்தின் வழியே வானம் தெரிகிறது. ஆயினும் தவளைக்கு வானத்தில் ஒரு துண்டு மட்டுமே கிடைக்க, மீனுக்கோ அடிவானம் உட்பட வானம் முழுவதுமே கிடைக்கிறது. தவளையின் கிணறு ஓரிடத்தில் வெட்டப்பட்டது. மீனின் கிணறு மீன் செல்லுமிடமெல்லாம் கூடவே நகர்கிறது. தவளையின் கிணறு ஆழமாக ஆழமாக வாய்வட்டம் சிறுத்துத் தோன்றும். மீனின் கிணறோ எவ்வளவு ஆழத்திலும் அதே 97 டிகிரியாகவே தோன்றுகிறது, ஏனெனில் மீன் இறங்க இறங்க நீர்ப்பரப்பில் அந்த வட்டம் தானே விரிந்துகொடுக்கிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனின் கிணற்று வாய் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர் அகலமுடையது. ஒரு மீட்டர் ஆழத்தில் அது 2.3 மீட்டர், மூன்று மீட்டர் ஆழத்தில் 6.8 மீட்டர்.

இந்தக் கிணற்றைச் சூழ்ந்திருப்பது கல்லோ மண்ணோ அன்று, கண்ணாடி. வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் முழு அக எதிரொளிப்பால், அதாவது ஒளியைச் சிறிதும் வெளியே விடாமல் திருப்பியனுப்பும் தன்மையால், தலைகீழ் நிலைக்கண்ணாடியாகிறது. அங்கே மீன் பார்ப்பது வானத்தை அன்று, கழியின் சேற்றுத் தரையையும் பாசியையும் அருகே நீந்தும் மடவைக் கூட்டத்தின் வயிற்றையும்தான். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் உண்டு. வட்டத்தின் விளிம்பை ஒட்டிய ஒரு மெல்லிய வளையத்தில் கரையோரச் சவுக்குத் தோப்பும், பாலமும், படகுகளும், மனிதர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றனர். அந்த நெருக்கடியின் அளவு வியப்பூட்டுவது: உச்சியில் 10 டிகிரி அகலமுள்ள வானப்பகுதி மீனுக்கு 7.5 டிகிரியாகத் தெரிய, அடிவானத்தை ஒட்டிய முதல் 10 டிகிரி முழுவதும் ஒரே ஒரு டிகிரிக்குள் நசுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, இவ்வளவு சாய்வாக வரும் ஒளியில் பெரும்பகுதி நீருக்குள் நுழையாமலே திரும்பிவிடுகிறது. அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில் வரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கும், 5 டிகிரி உயரத்தில் வரும் ஒளியில் பாதிக்கும் மேலும் இவ்வாறு இழக்கப்படுகின்றன. எனவே கைப்பிடிச் சுவரோரம் நிற்பவை மெலிந்தும் மங்கியும் தெரிகின்றன.

இந்த ஒளிவிலகல் விதியின் வரலாறு பெயர்ச் சண்டைகள் நிறைந்தது, சுருக்கமே போதும். 10-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சஹ்ல் கண்டதை 1621-இல் வில்லெப்ரோர்ட் ஸ்நெல் மீண்டும் கண்டார். 1637-இல் டேக்கார்ட் அச்சேற்றினார். இங்கிலாந்தின் பிளைத் ஆற்றங்கரையில் குடில் அமைத்து ட்ரவுட்டைக் கவனித்த ஆல்ஃபிரெட் ரொனால்ட்ஸ், 1836-இல் இதைத் தூண்டில்காரரின் கண்ணோட்டத்தில் படம் வரைந்து விளக்கினார். 1906-இல் அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வுட் நீர் நிரம்பிய கருவியால் மீன் காணும் காட்சியைப் படமெடுத்தார். இன்று புகைப்படக் கலைஞர்கள் பயன்படுத்தும் மீன்விழி வில்லையின் பெயர் அங்கிருந்து தோன்றியது.

கரையா கயாக்கா என்ற கேள்விக்கு இப்போது எண்களாலேயே விடை சொல்லலாம். அடிவானத்திலிருந்து 10 டிகிரிக்குள் ஒருவரின் தலை அடங்கிவிட்டால், மீனின் கண்ணில் அவர் விளிம்போர நசுங்கலில் ஒரு மங்கிய கீற்றாக மட்டுமே இருப்பார் எனக் கொள்ளலாம். நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் உயர்ந்த கரையில் 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவர் நிமிர்ந்து நின்றால், அவர் தலை நீரிலிருந்து 2.7 மீட்டர் மேலே இருக்கிறது; அந்த 10 டிகிரிக்குள் மறைய அவர் மீனின் கிணற்று விளிம்பிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதே கரையில் அவர் அமர்ந்துகொண்டால் 11 மீட்டர் போதும். கயாக்கில் அமர்ந்தவரின் தலை நீரிலிருந்து ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரத்திலேயே இருப்பதால், அவர் 5 மீட்டர் வரை நெருங்கலாம். விலை உயர்ந்த கயாக்குக்கும் வாடகைக் கயாக்குக்கும் இதில் வேறுபாடு இல்லை; வேறுபடுத்துவது உயரம் ஒன்றே.

எனினும், கயாக்குக்குத் தனியான ஒரு பலவீனம் உண்டு. கரையில் நிற்பவர் கண்ணாடிக்கு வெளியே மட்டும் இருக்கிறார்; கயாக்கோ கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டுகிறது. அதன் அடிப்பகுதி ஒளிவிலகலின் மறைப்பு எதுவுமின்றி நேராக மீனுக்குத் தெரிவதோடு, கண்ணாடிக் கூரையில் அதன் பிம்பமும் ஒட்டி, உடல் இரட்டித்துத் தோன்றுகிறது. படகில் அமர்ந்திருப்பவரோ அந்த அடிப்பகுதியோடு சேர்ந்து தெரிவதில்லை. அவர் கிணற்றின் கைப்பிடிச் சுவரோரம் தனியே ஒதுங்கி நிற்கிறார். முழங்காலளவு நீரில் இறங்கி நிற்பவருக்கும் இதே நிலைதான்: மீனைப் பொறுத்தவரை அவர் ஓரிடத்தில் இரு கால்களும் அவற்றின் தலைகீழ் பிம்பங்களும், வேறிடத்தில் குறுகிய மேலுடலுமாக இரண்டு துண்டுகள். துடுப்பு நீரைத் தொடும் ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் கூரையிலிருந்து ஒரு தகடு திடீரென முளைத்து மறைகிறது. அசையாத வடிவத்தைவிட அசையும் வடிவமே மீனைக் கலைக்கும் என்பதால், இறுதிச் சில மீட்டர்களைத் துடுப்பு போடாமல் நீரோட்டத்திலேயே மிதந்து கடப்பது நல்லது.

பேச்சைப் பற்றிப் பலர் கொள்ளும் அச்சத்துக்குப் பெரிய அடிப்படை இல்லை. காற்றில் எழும் ஒலியின் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே நீருக்குள் நுழைகிறது. ரொனால்ட்ஸ் தம் குடிலில் துப்பாக்கி வெடித்துப் பார்த்தபோதும் ட்ரவுட்டுகள் அசையவில்லை. ஆனால், கயாக்கின் பிளாஸ்டிக் உடலில் துடுப்பு மோதினாலோ, கரையில் கனமாக அடிவைத்தாலோ, அந்த அதிர்வு நேரடியாக நீருக்குள் செல்கிறது. அருகில் வந்தவற்றின் நீரசைவை மீன் தன் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பாலும் உணர்கிறது.

நீலகிரி ஓடைக்குப் பொருந்துவது அப்படியே முட்டுக்காட்டுக்கும் பொருந்தும் என்று கொள்வதும் பிழை. மேற்சொன்ன கணக்கெல்லாம் அலையற்ற, தெளிந்த நீருக்கானது. சிற்றலை எழுந்ததும் கிணற்றின் வாய்வட்டம் நூறு துண்டுகளாகச் சிதறி, கைப்பிடிச் சுவர் முற்றிலும் கரைந்துபோகிறது. பிற்பகலில் கடற்காற்று வீசும்போது நின்றுகொண்டே நெருங்கலாம் என்பது இதனால்தான். கலங்கிய நீரிலோ கிணறு இருந்தும் இல்லாததற்குச் சமம், ஏனெனில் ஒளி விளிம்பிலிருந்து மீனின் கண்ணுக்கு வருவதற்குள் சிதறிவிடுகிறது. மழை ஓய்ந்த பின் முகத்துவாரம் திறந்து கடல்நீர் உள்ளே வரும் நாட்களில் கழி தெளிகிறது. கோடையில் மணல்திட்டு அதை அடைக்கும்போது நீர் தேங்குகிறது. இந்தத் திறப்பும் அடைப்பும் கழியின் மூச்சு போன்றவை. கழிவுநீரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அந்த நீரைக் கெடுத்தால், நாம் இழப்பது மீன்களை மட்டுமன்று, அவற்றின் வானத்தையும்தான்.

இவ்வளவுக்கும் தேவைப்பட்டது பள்ளி இயற்பியலும் ஓர் அளவுகோலும் மட்டுமே என்பதை எண்ணினால், தூண்டில் கருவிகளுக்குச் செய்யப்படும் விளம்பரங்களை ஐயத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. மீனால் மறுக்கவே முடியாத நிறம், மீனின் கண்ணுக்கே தெரியாத நரம்பு என்ற வாக்குறுதிகள், நீரின் கலங்கல், ஆழம், ஒளியின் சாய்வு எதையும் குறிப்பிடாமல் சொல்லப்படும்போது பொருளற்றவை. விதிவிலக்காக, முனைவாக்கக் கண்ணாடி உண்மையிலேயே பயன் தருவது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வானொளியின் அதிர்வுகள், செங்குத்திலிருந்து 53 டிகிரியில் பார்க்கும்போது முற்றிலும் ஒரே திசைக்கு ஒழுங்குபடுகின்றன. அந்தத் திசையை மறிக்கும் கண்ணாடி பளபளப்பை அகற்றி நீரின் உள்ளே காட்டுகிறது. 1921-இல் கப்பலில் தாயகம் திரும்பிய சி. வி. ராமன், இதே கொள்கையில் இயங்கும் நிக்கோல் பட்டகத்தின் வழியே கடலை நோக்கி, வானத்தின் பிரதிபலிப்பை நீக்கிய பின்னும் கடல் நீலமாகவே இருப்பதைக் கண்டார். தூண்டில்காரர் மூக்கின்மேல் அணிவது அந்தப் பட்டகத்தின் எளிய வழித்தோன்றலே.

இவை எதையும் வாங்காமல், எதையும் கணக்கிடாமல், இந்த ஒளியியலை நாள்தோறும் கடைப்பிடிக்கும் ஓர் உயிர் செங்கல்பட்டின் கொளவாய் ஏரிக்கரையிலும் முட்டுக்காட்டின் சேற்று விளிம்பிலும் காணப்படுகிறது. மண்ணிறத் தோற்றத்தோடு, கழுத்தைத் தோள்களுக்குள் இழுத்துக்கொண்டு, அசையாமல் குந்தியிருக்கும் மடையான் அது. அவ்வாறு ஒடுங்கியிருக்கும்போது அதன் உயரம் 30 சென்டிமீட்டர் அளவே என்று கொண்டால், மேற்கண்ட கணக்கின்படி அது மீனின் கிணற்று விளிம்புக்கு 1.7 மீட்டர் அருகே வந்தும் அந்த 10 டிகிரி நசுங்கலுக்குள் மறைந்திருக்க முடியும். 15 மீட்டர் தேவைப்படும் கரை மனிதருக்கும் 5 மீட்டர் தேவைப்படும் கயாக் மனிதருக்கும் அது காட்டும் பாடம் ஒன்றுதான்: மாசி விடியலின் அசையாத நீரில், தாழ்ந்து அமர்ந்து, அசைவைக் குறைத்துக் காத்திருப்பவரே மீனின் வானத்தில் மேகம்போலக் கலந்துவிடுகிறார்.