ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்வது ஏன்?

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகிய மறுநிமிடம் கம்ப்யூட்டர் உறைந்துபோகிறது. ஃபோல்டர் திறக்காது. சில சமயம் நீலத் திரை வரும், சில சமயம் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். சர்வீஸ் கடையில் கேட்டால், "வைரஸா இருக்கும் சார், ஃபார்மட் அடிச்சிரலாம்" என்பார்கள். அடித்து, விண்டோஸை மறுபடி ஏற்றி, வீட்டுக்கு வந்து அதே டிஸ்க்கைச் செருகினால் வேதாளம் பழையபடி முருங்கை மரத்தில்.

இந்த மாதிரி நேரத்தில் மென்பொருளுக்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை.

கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. தேவையான மின்சாரம் முழுவதையும் யுஎஸ்பி வயர் வழியாகக் கம்ப்யூட்டரிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல வேண்டும். நின்றுகொண்டிருக்கும் தட்டை அந்த வேகத்துக்குக் கொண்டுவரும் முதல் சில விநாடிகளில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 1 ஆம்பியரைத் தொடும். வேகம் பிடித்துவிட்டால் அதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆனால் 2000-ல் வந்த யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்பியர்தான். 2008-ல் வந்த 3.0 அதை 900 ஆக உயர்த்தியது. பல போர்ட்டுகள் விதியைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுப்பதால் பிழைப்பு ஓடுகிறது. பழைய லேப்டாப், அடாப்டர் இல்லாத மலிவு ஹப், கேபினெட்டின் முன்பக்க போர்ட் என்று வரும்போது பற்றாக்குறை தெரிந்துவிடும். தட்டு சுழல முயன்று, முடியாமல் நின்று, மறுபடி முயலும். டிக், டிக் என்று கேட்பது பல நேரம் இந்தப் போராட்டம்தான். (அதே சத்தம் டிஸ்க்கின் ஹெட் பழுதானாலும் வரும் என்பதால், கேட்டவுடன் நிம்மதி அடைந்துவிடவும் வேண்டாம்.)

அடுத்தது கேபிள். இதை யாரும் மதிப்பதில்லை. கேபிளின் உறையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல கேபிள்களில் 28/24 அல்லது 28/28 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். முதல் எண் தகவல் போகும் கம்பியின் பருமனையும், இரண்டாவது எண் மின்சாரம் போகும் கம்பியின் பருமனையும் குறிக்கிறது. எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 28-ம் எண் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். மின்சாரம் போக ஒன்று, திரும்ப ஒன்று என்று இரண்டு கம்பிகள் இருப்பதால் ஒரு மீட்டர் கேபிளில் மொத்தம் 0.42 ஓம் ஆகிவிடுகிறது. 1 ஆம்பியர் ஓடினால் 0.42 வோல்ட் வழியிலேயே காலி. போர்ட்டில் 5 வோல்ட் ஏறினாலும் டிஸ்க்குக்கு வந்து சேர்வது 4.58தான், தெருக்கோடி வீட்டுக் குழாய்த் தண்ணீர் மாதிரி. பெரும்பாலான டிஸ்க்குகள் 4.75 வோல்ட்டுக்குக் கீழே வேலைக்கு உத்தரவாதம் தருவதில்லை. அதே நீளத்துக்கு 24-ம் எண் கம்பி என்றால் இழப்பு 0.17 வோல்ட்தான். டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளைத் தொலைத்துவிட்டு, மேஜைக்கு எட்டும்படி நீளமானதாக ஒன்றை வாங்கிய பிறகு பலருக்குத் தொல்லை தொடங்குவது இதனால்தான்.

டிஸ்க் தடுமாறுவது சரி, கம்ப்யூட்டர் ஏன் கூடவே சாய வேண்டும்? ஒரு ஃபைலைக் கேட்டுவிட்டால் பதில் வரும்வரை இயங்குதளம் காத்திருக்கும். விண்டோஸில் இதற்கான வழக்கமான கெடு 60 விநாடி, லினக்ஸில் 30. கெடு முடிந்தால் டிஸ்க்கை ரீசெட் செய்துவிட்டு மறுபடி கேட்கும். இப்படி நாலு சுற்று போனால் ஃபோல்டர் ஜன்னல் அசையாது, ஹேங் என்கிறோம். நீலத் திரை வேறு ரகம். டிஸ்க்கோடு பேசும் டிரைவர் மென்பொருள், இயங்குதளத்தின் கருவறையான கெர்னலில் இருந்து வேலை செய்கிறது. அங்கே ஒரு பிழை நேர்ந்தால், நினைவகத்தில் எதை எது கெடுத்தது என்று நம்ப முடியாது. தகவல் பாழாவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று விண்டோஸ் தானாகவே நிறுத்திக்கொள்கிறது.

இதன் மிகப் பிரபலமான பலி பில் கேட்ஸ். 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், வெளிவரவிருந்த விண்டோஸ் 98-ஐ மேடையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். சக ஊழியர் கிறிஸ் கபோசெலா யுஎஸ்பி ஸ்கேனர் ஒன்றைச் செருகினார். பெரிய திரை நீலமானது, அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை என்று கேட்ஸ் சமாளித்தார்.

டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் சிறிய சிப்பும் சில நேரம் குற்றவாளி. டிஸ்க் பேசும் சாட்டா மொழியை யுஎஸ்பிக்கு மாற்றித் தருவது அதன் வேலை. பல கட்டளைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் புதிய முறையில் சில சிப்புகள் குழம்பிவிடும். அப்படிப்பட்டவற்றின் பட்டியலையே லினக்ஸ் கெர்னல் வைத்திருக்கிறது. அவை வந்தால் பழைய முறைக்கு இறங்கிவிடும். சிப் மட்டுமல்ல, கம்ப்யூட்டரின் செட்டிங்கும் காரணமாகலாம். லேப்டாப் தூங்கி எழும்போது மட்டும் நீலத் திரை வந்தால், பவர் செட்டிங்கில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்துப் பாருங்கள். ஆன் செய்ததும் கம்பெனி லோகோவிலேயே நின்றால், பயாஸில் பூட் வரிசையில் யுஎஸ்பி முதலிடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சில நேரம் கம்ப்யூட்டர் ஹேங் ஆகியே இருக்காது, மவுஸ்தான் திக்கும். யுஎஸ்பி 3.0 தகவல் பரிமாற்றம் எழுப்பும் இரைச்சல், வயர்லெஸ் மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. 2012-லேயே இன்டெல் இதை அளந்து வெளியிட்டது. காப்பி ஓடும்போது மவுஸ் மட்டும் திக்கினால், அதன் ரிசீவரை டிஸ்க்கை விட்டுத் தள்ளிச் செருகினால் போதும்.

ஆகவே முதலில் குட்டையான நல்ல கேபிள், பிறகு டெஸ்க்டாப்பின் பின்பக்க போர்ட், பிறகு வேறொரு கம்ப்யூட்டர். அங்கேயும் தகராறு என்றால் டிஸ்க்கே நோயாளி. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது நாளுக்கு நாள் ஏறினால், விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஓட்டிச் சரிசெய்யலாம் என்று இறங்க வேண்டாம். அது டிஸ்க் முழுவதையும் துருவும், ஃபைல் அட்டவணையையும் திருத்தி எழுதும். சாகக் கிடக்கும் டிஸ்க் அதிலேயே போய்விடக்கூடும். கல்யாண வீடியோவோ கடைக் கணக்கோ, முதலில் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். ரிப்பேர் அதற்கு அப்புறம்.