மிட்டாய் பாக்கெட்டில் பச்சைக் குறி மட்டும் போதுமா?

ஆடு, மாடு, பன்றி இறைச்சி சிலருக்கு ஒவ்வாது. உண்ணி கடித்தபின் வரும் இந்த ஒவ்வாமையை 2009-இல் அமெரிக்க மருத்துவர்கள் விளக்கினர். சாப்பிட்டு இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்தே பெரும்பாலும் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும்.

இறைச்சி விற்காத மளிகைக் கடைக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சில ஜெல்லி மிட்டாய்களிலும் மார்ஷ்மெல்லோவிலும் சேர்கிறது. லேபிளில் 'ஜெலட்டின்' என்றோ, 428, 441 என்ற எண்ணாகவோ இருக்கும். பெக்டின், அகர் தாவரச் சரக்கு, அவற்றுக்குப் பயமில்லை.

2020-ஆம் ஆண்டு விதிப்படி அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம், சைவத்துக்குப் பச்சை வட்டம். பச்சைக் குறி இருந்தால் ஜெலட்டின் இருக்கக் கூடாது. ஆனால் பாலும் நெய்யும் சைவக் கணக்கு. இந்த ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்குப் பாலும் ஆகாது. ஆகவே குறியோடு நிற்காமல், சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். ஒவ்வாமைப் பொருள் என்று தனியே அச்சிடும் வரியில் பால் வரும், ஜெலட்டின் வராது.

பாட்டிலில் கொட்டிச் சில்லறையாக விற்கும் சேத்தியாத்தோப்பு வியாபாரிகள் மூலப் பாக்கெட்டின் லேபிளைச் சரக்குத் தீரும்வரை வைத்திருங்கள். வாடிக்கையாளர் கேட்டால் எடுத்துக் காட்டுங்கள். லேபிள் இல்லையென்றால், "ஒன்றும் செய்யாது" என்று சொல்லி விற்காதீர்கள். ஒரு மிட்டாய் விற்காமல் போனால் நஷ்டமில்லை.