உங்களுக்குத் தெரியுமா?

முன்பு ஸ்டாட்டாயில் எனப்பட்ட நார்வே தேசத்து எண்ணெய் நிறுவனத்தின் நிலவியல் அறிஞர்களால், சுமார் 3000 அட்டவணைகளாய் விரிந்து கிடந்த தரவுத்தளத்தின் அமைப்பைச் சிறிதும் அறியாமலே, கிணறு, பாறை அடுக்கு என்று தங்கள் சாஸ்திரத்தின் சொற்களிலேயே வினவி, ஒரு வரித் தரவையும் இடம்பெயர்க்காமல் விடை பெற முடிந்தது!

• 2012-இல் தொடங்கிய ‘ஆப்டிக்’ என்னும் ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டத்தின் பயன் இது. முன்போ, புதிய வினா எழுந்தால் கணினி நிபுணரை நாடி நாட்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

• துறைக் கருத்துகளையும் அவற்றின் சம்பந்தங்களையும் வரையறுக்கும் ஆன்டாலஜியைப் பழைய அட்டவணைகளோடு பிணைக்கும் விதிகளைக் கொண்டு, இத்தாலியின் போல்சானோ சர்வகலாசாலையில் உருவாகி இத்திட்டத்தில் பயன்பட்ட ‘ஆன்டாப்’ மென்பொருள், வினாவைத் தரவுத்தளத்துக்குப் புரியும் எஸ்க்யூஎல் மொழியில் மாற்றி எழுதுகிறது. ‘கிணறு’ என்று கேட்டால், அப்பெயரே இல்லாத அட்டவணையிலுள்ள ஆய்வுக் கிணறுகளும் விடையில் வந்து சேர்வதே இதன் அற்புதம்.

• அவ்விதிகளை எழுதும் ஆர்2ஆர்எம்எல் மொழி, 2012-இல் சர்வதேசத் தரநிலையாயிற்று.