கூர்ஸ் பீரும் அட்டைப்பெட்டி வாடையும்

‘ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்’ படத்தை அண்மையில் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒரு லாரி பீரைக் கடத்த போலீஸோடு இந்தப் பாடு படுகிறார்களே, அந்த பீர் உண்மையிலேயே அவ்வளவு விசேஷமா?” 1977-ல் வந்த படம் அது. டெக்சார்கானாவிலிருந்து 400 பெட்டி கூர்ஸ் பீரை எடுத்துக்கொண்டு 28 மணி நேரத்துக்குள் அட்லாண்டா திரும்ப வேண்டும், அதுதான் கதை. கதை கற்பனை என்றாலும் கடத்தல் நிஜம். மேற்கு அமெரிக்காவில் எல்லாக் கடைகளிலும் சாதாரண விலைக்குக் கிடைத்த கூர்ஸை, கிழக்கே போகிறவர்கள் கார் டிக்கியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். அங்கே அது பல மடங்கு விலைக்குக் கைமாறியது.

வரலாறு சுருக்கமாக: கொலராடோ மாநிலத்தின் கோல்டன் ஊரில் 1873-ல் அடால்ஃப் கூர்ஸ் தொடங்கிய ஆலை. 1959-ல் பீரை பாஸ்டர் முறையில் சூடாக்குவதை நிறுத்திவிட்டு, கிருமிகளை நுண்ணிய வடிகட்டியால் நீக்கும் முறைக்கு மாறினார்கள். அதனால் ஆலையிலிருந்து கடைவரைக்கும் குளிர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மிசிசிப்பி ஆற்றைத் தாண்டிக் கிழக்கே விற்பனைக்குப் போனது 1981-ல்தான். தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் மவுசு இறங்கியது.

அந்த மவுசுக்கு விளம்பரம் சொன்ன காரணம் ராக்கி மலை ஊற்று நீர். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீரில் உள்ள உப்புகள் பீரின் சுவையை மாற்றும் என்பது சரி. ஆனால் அந்த உப்புகளைக் கூட்டவும் குறைக்கவும் எல்லா ஆலைக்கும் தெரியும். பெயரின் மயக்கமும் சேர்ந்திருக்கிறது. 1964-ல் அமெரிக்காவில் அலிசன், ஊல் என்ற இருவர் 326 பீர் பிரியர்களை வைத்து நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். லேபிளை நீக்கிக் கொடுத்தபோது, தாங்கள் வழக்கமாகக் குடிக்கும் பீர் எது என்றே பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. லேபிளோடு கொடுத்ததும் அவரவர் பீருக்கு மதிப்பெண் ஏறிவிட்டது.

அப்படியானால் எல்லாமே மனப்பிரமைதானா? இல்லை. பிராண்டுக்கும் பிராண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே பிராண்டில் புதுசுக்கும் பழசுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது என்பது என் வாதம். அதற்கு அடியில் இருக்கும் வேதியியல் அலாதியானது.

பழைய பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். அதற்குக் காரணமான பொருளை 1970-ல் ஜேமிசன், வான் கெலுவே என்ற இருவர் அடையாளம் கண்டார்கள். அதன் பெயர் ட்ரான்ஸ்-2-நோனினால். வெள்ளரிக்காயின் வாசனையிலும் இதற்குப் பங்கு உண்டு. ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை ஒரு லிட்டர் பீரில் கலந்தால் போதும், பழகிய மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இந்த நோனினால் பீர் பழசான பிறகு புதிதாக முளைப்பது என்றுதான் யாரும் நினைப்போம். பெரும்பகுதி அப்படியில்லை. பார்லியில் கொஞ்சம் கொழுப்பு உண்டு. அதிலுள்ள லினோலியிக் அமிலத்தை, பார்லியிலேயே இருக்கும் லிப்பாக்சிஜெனேஸ் என்ற நொதி, மால்ட் (முளைகட்டிய பார்லி) தயாரிக்கும்போதும் அதை வெந்நீரில் ஊறவைக்கும்போதும் ஆக்சிஜனேற்றி விடுகிறது. வாடையின் விதை அங்கேயே விழுந்துவிடுகிறது. பிறகு ஈஸ்ட் வந்து, கண்ணில் பட்ட நோனினாலையெல்லாம் வாடையில்லாத ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஆனால் ஒரு பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஈஸ்ட்டிடமிருந்து தப்பிவிடுகிறது. ஈஸ்ட் தன் பங்குக்கு லிட்டருக்குச் சில மில்லிகிராம் சல்ஃபைட்டையும் உண்டாக்குகிறது. அது நோனினால் போன்ற பொருள்களைப் பிடித்துக் கட்டிவைக்கும். கட்டுண்ட நோனினாலுக்கு வாடை கிடையாது.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். தாய்மாமன் முறுக்கிக்கொண்டு நிற்கிறார், மாலை போடத் தன்னை முதலில் கூப்பிடவில்லை என்று. நாலு பேர் அவர் கையைப் பிடித்து, “விடுங்க மச்சான்” என்று திண்ணையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பந்தலில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மாமன்தான் நோனினால், பிடித்திருப்பவர்கள் சல்ஃபைட். பந்தல் குளுகுளுவென்று இருக்கும்வரை பிடி நிற்கும். வெயில் ஏற ஏறப் பிடி தளரும். டப்பாவுக்குள் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் சல்ஃபைட்டை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது, பிடித்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பந்திக்குக் கூப்பிட்டுப் போவது மாதிரி. அதே நேரம் கொல்லைப்புறத்தில் புரதங்கள் பிடித்துவைத்திருந்த சின்ன மாமன்களும் கையை உதறிக்கொண்டு எழுகிறார்கள். கடைசியில் எத்தனை மாமன்கள் என்பதே முக்கியமில்லை. ஒருவர் குரல் கொடுத்தால் போதும், கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் கேட்டுவிடும். நம் மூக்கு அவ்வளவு கூர்மையானது.

பீர் தொழிலில் ஒரு கணக்கு சொல்வார்கள்: 32 டிகிரி வெப்பத்தில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள் வைத்தால் பீர் ஒரே அளவு கெடும். நினைவில் நிற்கவே இப்படி 3, 30, 300 என்று அடுக்கியிருக்கிறார்கள். பொதுவாக ஒரு வேதிவினை பத்து டிகிரிக்கு இரண்டு, மூன்று மடங்குதான் வேகமெடுக்கும், பத்து மடங்கு அல்ல. ஆனாலும் கணக்கு காட்டும் திசை சரியானதே.

இப்போது கூர்ஸுக்கு வருவோம். அது கசப்பு குறைந்த, மெலிந்த லாகர் வகை. கருத்த, கனத்த பீர் என்றால் வறுத்த மால்ட்டின் சுவைக்கு அடியில் லேசான பழசு வாடை ஒளிந்துகொள்ளும். கூர்ஸில் ஒளிய இடமே இல்லை. பாஸ்டர் முறையைக் கைவிட்டதுதான் அதன் பெருமை என்று பேசினார்கள். அதனால் கட்டாயமாகிப்போன குளிர்சாதன லாரிக்குத்தான் பெருமை சேர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கோல்டனுக்கு அருகே, குளிர் கலையாமல் வந்த கூர்ஸைக் குடித்தவர்கள் பாராட்டியதில் பொய் இல்லை. அதே பீர் கோடை வெயிலில் கார் டிக்கியில் இரண்டாயிரம் கிலோமீட்டர் போனால், ஊரில் பேர் வாங்கித் தந்த குணத்தைத்தான் முதலில் இழக்கும். அதிக விலை கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்த பீர்தான்.

மலிவான உள்ளூர் பீர் எந்த நாட்டில் பேர் வாங்கியிருந்தாலும் நான் முதலில் கேட்பது, ஆலை எவ்வளவு தூரம், டப்பாவில் அடைத்த தேதி என்ன, கிடங்கில் குளிர் உண்டா என்பதைத்தான். வெக்கையில் கிடந்த பீரைக் குடிப்பதற்கு முன் ஐஸில் வைத்தால் நாக்குக்குத்தான் குளிரும். விடுபட்ட நோனினால் விடுபட்டதுதான்.

லிப்பாக்சிஜெனேஸ் நொதியே வேலை செய்யாத பார்லி ரகங்களை ஜப்பானின் சப்போரோ, டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆகிய பீர் நிறுவனங்கள் உருவாக்கியிருக்கின்றன. பீர் இனி பழசே ஆகாது என்று இதைப் படித்துவிடக் கூடாது. அட்டைப்பெட்டி வாடை மட்டும்தான் இதில் குறைகிறது. அமினோ அமிலங்கள் சிதைந்து வரும் உருளைக்கிழங்கு வாடைக்கும் தேன் வாடைக்கும் இந்தப் பார்லியிடம் பதில் இல்லை.