அந்த ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுத முடியாதவர்கள்

வேலை தேடும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் விதானையாரிடம் எடுக்கும் அந்தப் படிவம் தெரியும். வதிவிடமும் குணநலமும் பற்றிய சான்றிதழ். பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை வருடமாக இந்தப் பிரிவில் இருக்கிறார் என்ற விபரங்களோடு இன்னொரு வரியும் அதில் உண்டு: நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டவரா? பெரும்பாலும் விதானையார் தலை நிமிராமலே ‘இல்லை’ என்று எழுதிவிடுவார். பிரதேச செயலாளர் மேலொப்பம் வைத்தால் ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும். ‘இல்லை’ என்று எழுத முடியாதவனுடைய கதைதான் இது.

பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவன் சிநேகிதரோடு சேர்ந்து, ஆளில்லாத வளவுக்குள் கிடந்த தண்ணீர் மோட்டரைத் தூக்கிப் பழைய இரும்புக் கடையில் விற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மல்லாகமோ பருத்தித்துறையோ சாவகச்சேரியோ, ஏதோ ஒரு நீதவான் நீதிமன்றம். கூண்டில் ஏறுமுன்னர் வாசலில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே புத்திதான் சொல்வார்கள்: “ஒப்புக்கொள்ளு தம்பி. தண்டத்தைக் கட்டிப்போட்டு இண்டைக்கே வீட்டை போகலாம்.” அந்தப் புத்தியில் நியாயம் இல்லாமல் இல்லை. வழக்கை நடத்தினால் தவணைக்குத் தவணை சட்டத்தரணிக்குக் காசு, ஒரு நாள் கூலி நட்டம், ஊரார் பார்வை. தாய்க்கும் அன்றைக்கே அலுவல் முடிந்தால் போதும் என்றிருக்கும்.

ஆனால் அலுவல் அங்கே முடிவதில்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் களவுக்கு 367 ஆம் பிரிவு மூன்று வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும் என்கிறது. நீதவான் தண்டத்தோடு விட்டாலும் பதிவாவது குற்றத்தீர்ப்புத்தான். 1926 ஆம் ஆண்டின் குற்றத்தடுப்புக் கட்டளைச் சட்டம் குற்றவாளிகளின் விரலடையாளங்களையும் முன்னைய தீர்ப்புகளையும் கொழும்பில் சேர்த்து வைக்க வழி செய்தது. வெள்ளைக்காரன் கட்டிய அந்த அலுமாரி இன்றைக்கும் பூட்டிய பாடில்லை. கட்டாருக்குச் சாரதி வேலைக்குப் போகப் ‘பொலிஸ் ரிப்போட்’ கேட்டால், அந்தப் பதிவேடுகளைப் பார்த்துத்தான் பதில் வரும்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. வர்த்தமானியில் வரும் அரச விண்ணப்பப் படிவங்களிலும் அதே கேள்வி, ‘எப்போதாவது’ என்ற சொல்லோடு உண்டு. ‘ஆம்’ என்றால் விபரம் தரவேண்டும். எத்தனை வருடத்துக்கு முன்னர் நடந்தது, எந்த வயதில், எவ்வளவு பெறுமதி என்பதை எப்படி நிறுக்க வேண்டும் என்று அந்தப் படிவம் சொல்வதில்லை. ‘எப்போதாவது’ என்றால் எப்போதாவதுதான். ஐம்பது வயதிலும் அந்த மோட்டர் கூடவே வரும்.

இதே நாட்டின் அரசியலமைப்பு என்ன சொல்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். வாக்காளராக இருக்க யார் தகுதியற்றவர் என்பதை 89 ஆம் உறுப்புரை வரையறுக்கிறது. இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை பெற்றவர், தண்டனையை முடித்து ஏழு வருடம் போனால் அந்தத் தகுதியீனத்திலிருந்து விடுபடுகிறார். பாராளுமன்ற வேட்பாளருக்கும் 91 ஆம் உறுப்புரை அதையே பொருத்துகிறது. வெறும் தண்டம் கட்டியவனுக்கு அந்தத் தடை தொடக்கத்திலிருந்தே இல்லை. ஆக, மோட்டர் களவெடுத்த நம் பொடியன் மறுநாளே தேர்தலில் நிற்கலாம். நாட்டுக்குச் சட்டம் இயற்றலாம். பிரதேச சபையில் சிற்றூழியராகச் சேரப் போனால் மட்டும் அந்தக் கேள்விக்கு முன்னால் தலை குனிய வேண்டும்.

பெரிய இடத்துக்கு வேறு வழியும் உண்டு. 34 ஆம் உறுப்புரையின் கீழ் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கலாம். முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா 2012 இல் சிறையிலிருந்து வெளியே வந்தார், குடியுரிமைகள் திரும்பவில்லை. 2015 ஜனவரியில் முழு மன்னிப்புக் கிடைத்ததும் அவையும் வந்தன, பின்னர் பீல்ட் மார்ஷல் பட்டமும் வந்தது. தண்ணீர் மோட்டருக்காக ஜனாதிபதி செயலகத்துக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

குறித்த காலம் கழிந்தால் சிறு தீர்ப்பு காலாவதியாகிவிடும் என்று சொல்லும் பொதுச் சட்டம் இலங்கையில் இல்லை. பிரித்தானியாவில் 1974 இலேயே வந்துவிட்டது. அங்கே கடையில் திருடித் தண்டம் கட்டிய ஒருவர், ஒரு வருடம் போனபின் பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லாமலே விண்ணப்பிக்கலாம். சில பொறுப்புள்ள தொழில்கள் விதிவிலக்கு. லண்டனில் இருக்கும் பெரியப்பா மகன் ஒரு வருடத்தில் கரையேறிவிடுவான். அதே தப்பைச் செய்த உரும்பிராய்த் தம்பி ஓய்வு பெறும் வயது மட்டும் எழுதிக்கொண்டே இருப்பான்.

மறைத்துவிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். அது இன்னும் மோசம். விண்ணப்பத்தில் சொன்னது பொய் என்று நியமனத்துக்குப் பிறகு தெரிந்தால் நட்ட ஈடில்லாமல் வேலை போகும் என்று அதே படிவத்தின் கீழேயே கையெழுத்து வாங்குகிறார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2016 இல் அவதார் சிங் வழக்கில், இளவயதில் செய்த அற்பக் குற்றத்தை ஒருவர் மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. இங்குள்ள திணைக்களங்களுக்கு அப்படி ஒரு வழிகாட்டல் இருந்தால் நேர்முகத்தில் இருக்கும் அதிகாரிக்கும் துணிவு வரும்.

இருக்கிற சட்டத்துக்குள்ளேயே ஒரு வாசல் உண்டு. அதைப் பலர் தட்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவு. குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டாலும், ஆளின் வயது, முன்வரலாறு, உடல்நிலை, குற்றத்தின் அற்பத்தன்மை முதலியவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்பு எழுதாமலே நீதவான் அவரை விடுவிக்கலாம். நன்னடத்தைப் பிணை எழுதுவித்தும் விடுவிக்கலாம். தீர்ப்பே இல்லையென்றால் விதானையாரின் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதுவது உண்மையான பதில். பொலிஸ் புத்தகத்தில் வழக்கு நடந்த சுவடு கிடக்கக்கூடும், அது வேறு.

ஆனால் இது நீதவானின் தற்றுணிபு. யாராவது எழுந்து கேட்க வேண்டும், அதுவும் தீர்ப்பு எழுதுமுன்னர். முதல் குற்றம், படிக்கிற பிள்ளை, பொருள் திரும்பிவிட்டது, உடையவர் சமாதானம் என்று கையில் கடதாசிகளோடு கேட்க வேண்டும். வாசலில் கிடைத்த புத்தியைக் கேட்டு ஒப்புக்கொண்டு தண்டமும் கட்டிய பிறகு பாதை மிகவும் ஒடுங்கிவிடும். மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாள்தான். தானே ஒப்புக்கொண்ட தீர்ப்பை அங்கே அசைப்பது இலேசல்ல. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம், அதற்கும் பலமான காரணம் வேண்டும்.

காசில்லாதவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்துச் சட்டத்தரணியை ஒழுங்கு செய்வார்கள். போகிறவர்கள் முதல் தவணைக்கு முன்னர் போக வேண்டும். தண்டம் கட்டிய பற்றுச்சீட்டோடு போனால் அவர்களாலும் செய்ய அதிகமில்லை.