மண்ணணையும் மனித உழைப்பும்: சப்பிரகமுவத் தோட்டப்புறங்களின் சிறு வெள்ளத்தடுப்புக் கட்டுகள் பற்றிய சில குறிப்புகள்

இலக்கிய மாணவன் ஒருவன் மண்ணணைகளின் பராமரிப்புப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், தமிழ் மக்கள் நன்கறிந்த பழங்கதைகளுள் ஒன்று ஆற்றங்கரையின் பராமரிப்புப் பற்றியதே என்பதை நாம் மறந்துவிடலாகாது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த படலத்திலே வைகை பெருக்கெடுக்கின்றது. கரையை அடைப்பதற்கு மதுரை மாந்தருக்குப் பங்கு அளந்து விடப்படுகின்றது. ஆள் துணையற்ற வந்திக் கிழவியின் பங்கு அடைபடாது கிடக்கின்றது. பிட்டைக் கூலியாகப் பெற்று வந்தவனின் முதுகிலே பிரம்படி விழுகின்றது. கரை காத்தல் கூட்டுழைப்பு என்பதும், அது பங்காக வரையறுக்கப்பட்டிருந்தது என்பதும், குறை நேர்ந்தவிடத்துத் தண்டனை கூலியாளையே சேர்ந்தது என்பதும் இக்கதையினின்று பெறப்படும் சமூகச் செய்திகளாகும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புற நிலைமையை நோக்குவதற்கு இம்மூன்றும் துணைபுரிவன.

1. மண்கட்டு உடையும் விதம்

இரத்தினபுரியில் ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகம். செங்குத்தான சரிவுகளில் தேயிலையும் இறப்பரும், அவற்றின் அடிவாரப் பள்ளத்தாக்குகளில் நெல்வயல்களும் அமைந்துள்ளன. மேட்டுநிலத்து நீரைத் தடுத்தும் திருப்பியும் விடுகின்ற சிறு மண்கட்டுகள், அமுணைகள், கான்கள் ஆகியன இந்நிலத்தின் வாழ்வுக்கு இன்றியமையாதவை.

மண்கட்டு மூன்று வழிகளில் உடைகின்றது. முதலாவது, நீர் கட்டின் மேலாக வழிதல். மிகை நீரை வெளியேற்றும் வான், பாசியாலோ மரக்கிளையாலோ அடைபடுமாயின் நீர் முகட்டைத் தாண்டி வெளிச்சரிவை அரித்துச் செல்லும். சில மணி நேரத்தில் கட்டு இல்லாதொழியும். இரண்டாவது, உள்ளரிப்பு. கட்டின் உடலுக்குள் கசியும் நீர் மண்துகள்களை உடன்கொண்டு வெளியேறும்போது உள்ளே குழாய் போன்ற வழி உண்டாகின்றது. கறையான் புற்று, எலியும் முள்ளம்பன்றியும் தோண்டிய வளை, பட்டுப்போன மரத்தின் வேர் அழுகிய வெற்றிடம், துருசுக் குழாயை ஒட்டிய இடைவெளி ஆகியன இதற்கு வாயில்களாகும். மூன்றாவது, நீரூறி வலுவிழந்த சரிவு இடிந்து வீழ்தல்.

கட்டின் அடியிலே தெளிந்த நீர் கசியுமாயின் அதனை அளந்து கண்காணித்தல் வேண்டும். கசிவு கலங்கி வருமாயின் கட்டினுள்ளிருந்து மண் போகின்றது என்பது பொருள். அவ்வேளையில் தாழ்ந்த நிலத்து மக்களை உடனடியாக வெளியேற்றுதல் வேண்டும். இந்த அறிவுக்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை. நாள்தோறும் கட்டின்மீது நடந்து செல்லும் ஒருவரின் கண்ணே போதுமானது.

பெரிய அணைகளும் இதற்கு விலக்கல்ல. இரத்தினபுரி மாவட்டத்துச் சமனலவெவ அணையில் 1992இல் நீர் நிரப்பப்பட்டபோது வலக்கரை வழியாகப் பெருங்கசிவு ஏற்பட்டது. அக்கசிவைக் கண்காணித்தல் பின்னர் அணையின் நிரந்தரப் பணியாயிற்று. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி காலத்தில் அமைந்ததாகக் கொள்ளப்படும் கந்தளாய்க் குளத்தின் மண்கட்டோ 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையில் உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

2. பராமரிப்பின் வரலாறு

இலங்கைக் கிராமத்தில் கட்டுப் பராமரிப்பு நிலவுடைமையோடு இணைந்திருந்தது. நிலப்பங்கு எவ்வளவோ அவ்வளவுக்குக் குளக்கட்டுப் பணியிலும் பங்கு இருந்தது. 'பங்குவ' என்னும் சிங்களச் சொல்லும் நமது 'பங்கு' என்பதும் ஒரே உறவைச் சுட்டுவன. இம்முறை நிலமானிய ஒடுக்குமுறையோடு பின்னிக் கிடந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கட்டினை யார் காக்க வேண்டும் என்ற வினாவிற்கு அதனிடம் தெளிவான விடை இருந்தது. 1832இல் இராசகாரிய முறை நீக்கப்பட்டபோது கட்டாய உழைப்பு சட்டப்படி ஒழிந்தது. ஆனால் அதனிடத்தை நிரப்பவல்ல வேறு கூட்டுழைப்பு அமைப்பு எதுவும் தோற்றுவிக்கப்படவில்லை. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பழைய நீர்ப்பாசன வழக்காறுகளுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றமை இவ்வெற்றிடத்திற்குச் சான்றாகும்.

இதற்கிடையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் துணையோடு மலைச்சரிவுகள் முடிக்குரிய நிலங்களாகிப் பெருந்தோட்டங்களாயின. காடு அழிந்தது, மழைநீர் விரைந்து இறங்கலாயிற்று. மேலே இலாபத்திற்கான நிலம், கீழே வெள்ளம் ஏற்கும் நிலம் என்ற பிரிவினை இவ்வாறு தோன்றியது.

3. பொறுப்பு யாருடையது?

பாசனக் குளத்திற்கும் வெள்ளத்தடுப்புக் கட்டிற்கும் அடிப்படை வேறுபாடொன்று உண்டு. பாசனக் குளத்தின் நீரை நம்பி வாழும் உழவர் அதனை நாள்தோறும் பார்க்கின்றனர். வெள்ளத்தடுப்புக் கட்டு ஆண்டின் பெரும்பகுதி வறிதே கிடக்கும். அதன் குறை வெள்ளநாளன்றே வெளிப்படும். அதன் பயன், நிகழாது போன ஓர் அழிவு. சந்தையில் விலை பெறாத இப்பயனுக்காகச் செய்யப்படும் உழைப்பைக் கணக்கேடுகள் வீண்செலவாகவே பதிவு செய்கின்றன. வரவுசெலவு குறையும்போது முதலில் வெட்டப்படுவது பராமரிப்பே என்பதன் பொருளியற் காரணம் இதுவாகும்.

தோட்டப்புறங்களில் இச்சிக்கல் இரட்டிப்பாகின்றது. 80 ஹெக்டயருக்குக் குறைந்த வயற்பரப்பிற்கு நீர் தரும் சிறு வேலைகள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தைச் சாரும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் விவசாயிகள் அமைப்புகளுக்கு இடமளிக்கின்றது. ஆனால் லயத்தில் வாழும் தொழிலாளி சட்டத்தின் கண்ணில் விவசாயி அல்லர். அவர் காலடியிலுள்ள நிலமும் அவருடையதன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் முகாமைத்துவம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எதிலும் நிலம் தொழிலாளரை அடையவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதி செலவிடுவதற்குத் தடையாகவே நீண்டகாலம் கொள்ளப்பட்டது. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே, முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்தின் கானும் கட்டும் கம்பனியின் விருப்பத்திற்கே விடப்பட்டிருந்தன. கான் வெட்டுவதற்கு ஆள் விடப்படாத ஆண்டில் நீர் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்கின்றது.

இதன் விளைவுகள் கற்பனையல்ல. 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் மே மாத வெள்ளங்களும் மண்சரிவுகளும் இரத்தினபுரியைப் பேரழிவுக்குள்ளாக்கின. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலும், புளத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்திலும் மண் சரிந்து குடியிருப்புகளை மூடிற்று. மண்சரிவும் அணையுடைப்பும் வெவ்வேறு நிகழ்வுகளே எனினும், வடிகால் அற்றுத் தேங்கிய நீர் மண்ணை வலுவிழக்கச் செய்தல் இரண்டிற்கும் பொதுவானது.

4. பிற நாட்டு அனுபவம்

இது வறிய நாடுகளுக்கு மட்டும் உரிய குறை அன்று. ஐக்கிய அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அரசின் துணையோடு 11,000க்கும் மேற்பட்ட சிறு நீரேந்துபகுதி அணைகள் கட்டப்பட்டன. அவற்றுட் பலவற்றுக்குக் கணிக்கப்பட்ட ஆயுள் ஐம்பது ஆண்டுகளே. கட்டுவதற்கு மத்திய அரசு பணம் தந்தது. காக்கும் சுமை உள்ளூர் அமைப்புகளிடம் விடப்பட்டது. மேற்கு வெர்ஜீனியாவின் பஃபலோ கிறீக் பள்ளத்தாக்கிலே 1972 பெப்ரவரி 26இல் சுரங்கக் கம்பனியொன்றின் நிலக்கரிக் கழிவணை உடைந்து, சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 125 பேர் மாண்டனர். நான்கு நாள்களுக்கு முன்னரே அவ்வணை பரிசோதிக்கப்பட்டுத் திருப்திகரமானது எனக் கூறப்பட்டிருந்தது. உடைந்த பின்னர் கம்பனி அதனைக் கடவுளின் செயல் என்றது. மேலே உடைமை, கீழே தொழிலாளர் குடியிருப்பு என்ற அமைப்பு அங்கும் இங்கும் ஒன்றே.

5. செய்யத்தக்கன

முதலாவதாக, ஒவ்வொரு தோட்டத்திலுமுள்ள கட்டுகள், தேக்கங்கள், கான்கள் ஆகியவற்றின் பட்டியலும் அவற்றின் பொறுப்பாளர் பெயரும் பிரதேச சபையில் பகிரங்கமாக வைக்கப்படல் வேண்டும். பொறுப்பாளர் இல்லாத கட்டே மிக ஆபத்தானது. இரண்டாவதாக, பருவமழைக்கு முன்னரும் பின்னரும் பரிசோதனை நடைபெற வேண்டும்: வான் துப்புரவு, முகட்டின் தாழ்வு, வெடிப்பு, வளை, கசிவின் நிறம் ஆகியன குறிக்கப்படல் வேண்டும். கட்டின்மீது புல் வளர்க்கலாம்; மரம் வளர விடலாகாது. மூன்றாவதாக, இப்பணி கூலி பெறும் வேலைநாளாகக் கணிக்கப்படல் வேண்டும். சிரமதானம் என்ற பெயரில் ஊதியமற்ற உழைப்பைத் தொழிலாளரிடம் பெறுவது இராசகாரியத்தின் மறுபிறவியே. நான்காவதாக, எச்சரிக்கை தமிழிலும் உரிய வேளையில் லயத்தை அடைதல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது இது குறித்துப் பரவலான முறைப்பாடு எழுந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இவையனைத்திற்கும் மேலாக, கட்டினடியில் வாழ்பவருக்குக் காணியுரிமையும், கட்டுப் பற்றிய முடிவுகளில் வாக்கும் வேண்டும். வந்தியின் காலத்திலே கரையில் பங்கு அளந்து விட்டவர்கள் அதனைச் சுமையாக மட்டுமே அளந்து விட்டனர். மலையகத் தொழிலாளருக்குச் சுமையோடு உரிமையும் அளக்கப்படுமாயின், கலங்கிய கசிவை முதலிற் காணும் கண்கள் அவர்களுடையவையாகவே இருக்கும். அதனைக் கண்டு சொல்லும் குரலுக்கும் செவிசாய்ப்பார் இருப்பர்.