ஒளியின் ஒற்றையடிப் பாதை

கண்ணாடியைக் கையில் எடுத்தால் உடைந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். ஆயினும் இன்று கண்டம் விட்டுக் கண்டத்துக்குப் பேச்சையும் படத்தையும் சுமந்து செல்வது, தலைமயிரின் பருமனையொத்த கண்ணாடி இழையேயாகும். அதனை ஒளியிழை என்கிறோம். அதனுள் நெடுந்தொலைவுக்குரிய வகையை ஒற்றைமுறை இழை என்பர். கடைக்காரர் ‘சிங்கிள் மோடு’ என்பர். அதன் இயல்பையும், அதனைத் தேர்ந்துகொள்ளும் வகையையும் குறித்துச் சிறிது கூற விழைகிறேன்.

இழையின் நடுவே கருப்பகுதியும், அதனைச் சுற்றிக் கண்ணாடியாலான உறையும் உள்ளன. உறையின் ஒளிவிலகல் எண் சற்றுக் குறைவாதலின், ஒளி புறத்தே சிதறாது கருவின் வழியே செல்கிறது. பன்முறை இழையின் கரு 50 மைக்ரான் அகலமுடையது. திருவிழா கலைந்து அகன்ற வீதியில் செல்லும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒன்றாகப் புறப்பட்டோர் ஒன்றாக ஊர் சேர்வதில்லை. அவ்வாறே அகன்ற கருவில் ஒளி பல வழிகளிற் சென்று, முன்னும் பின்னுமாக வந்தடைகிறது. தொலைவு கூடக் கூடச் செய்தி குழம்புகிறது. ஒற்றைமுறை இழையின் கருவோ ஏறத்தாழ 9 மைக்ரான். அஃது ஓர் ஒற்றையடிப் பாதை. அங்கே ஒளிக்கு ஒரே வழிதான் உண்டு.

1966ஆம் ஆண்டில் சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் என்னும் அறிஞர் இருவர், ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே இழை பயன்படும் என்று காட்டினர். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவன ஆய்வாளர் அந்த எல்லையை எட்டினர். இன்றைய இழையில், 1550 நானோமீட்டர் அலைநீள ஒளி 15 கிலோமீட்டர் சென்ற பின்னும் ஏறத்தாழப் பாதி எஞ்சுகிறது.

இனித் தேர்வுக்கு வருவோம். ஒருமுறை எங்கள் இல்லத்தில் இணையத் தொடர்பு அடிக்கடி தடைப்பட்டது. கருவியை மாற்றியும் பயனில்லை. புத்தக அலமாரியை நகர்த்திய பின்னரே, அதன் பின்னால் இழை கூர்மையாக மடங்கிக் கிடந்தது தெரிந்தது. மடிப்பை நீக்கியதும் குறை தீர்ந்தது. அறுந்தால்தான் பழுது என்று எண்ணியிருந்த நான், வளைந்தாலும் ஒளி கசியும் என்பதை அன்று கற்றேன்.

ஆகவே, இழை செல்லும் வழியை முதலில் ஆராய வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த தரங்களுள், ஜி.652.டி என்பது நேரான நெடுவழிகளுக்குப் போதுமானது. மூலை முடுக்குகள் நிறைந்த வீடுகளுக்கு ஜி.657 வகையே ஏற்றது. அதன் ஏ1 பிரிவு 10 மில்லிமீட்டர் ஆர வளைவையும், ஏ2 பிரிவு 7.5 மில்லிமீட்டர் ஆர வளைவையும் தாங்கும்.

அடுத்தது மேலுறை. மண்ணில் புதைப்பதற்கு எலி கடிக்காத எஃகுக் கவசமும் நீர்த்தடுப்பும் வேண்டும். கம்பங்களிடையே தொங்குவதற்குத் தன் பளுவைத் தானே தாங்கும் வடம் வேண்டும். கட்டடத்தினுள், தீப்பற்றினால் நச்சுப்புகையை மிகுதியாகக் கக்காத உறை வேண்டும். இணைப்பு முனைகளிலும் கவனம் தேவை: பச்சை முனை 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது; நீல முனையில் அச்சாய்வு இல்லை. இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தலாகாது. ஒளி செல்லும் முனையைக் கண்ணருகே வைத்து நோக்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குப் புலனாகாது, ஆயினும் ஊறு செய்யலாம்.

இறுதியாக ஒன்று. வேகம் மிகுதியாக வேண்டுமெனில் இருமுனைக் கருவிகளை மாற்றினாற் போதும். நல்ல இழை மண்ணில் அப்படியே கிடக்கலாம். தவறான இழையைப் புதைத்தோமெனில், மீண்டும் தெருவையே தோண்ட வேண்டும். இழையின் விலையினும் தோண்டுங்கூலி பெரிது. ஆதலின் மலிவு கண்டு மயங்காது, வழி கண்டு வாங்குவதே அறிவுடைமை.